4294967297: தேக்காவில் தொடங்கி 641 வரை

கேள்வி: 4294967297 பகா எண்ணா? கணினி இல்லாமல் கையாலேயே கண்டுபிடிக்க முடியுமா?

பகா எண் இல்லை. 641 × 6700417. கையால் முடியுமா என்றால், 1732-லேயே கணிதமேதை ஆய்லர் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் போயும் போயும் 641-ஐ ஏன் வகுத்துப் பார்க்க வேண்டும்? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

உயர்நிலை ஒன்றில் படிக்கும் என் அக்கா மகளுக்குப் பகாக் காரணிகள் என்றாலே எரிச்சல். சிங்கப்பூரின் தேக்காவில் தேநீர் குடிக்கும்போது, "எண் பெருசா இருந்தா எங்க ஆரம்பிக்கிறதுனே தெரியல மாமா" என்றாள். தேக்கா நிலையத்தின் அஞ்சல் குறியீட்டையே எடுத்தோம்: 210665. மும்மூன்றாகப் பிரித்துக் கழித்தால் 665 − 210 = 455. இது 7, 13 இரண்டாலும் வகுபடும். ஆகவே 210665-உம் வகுபடும். (முழுக்கப் பிரித்தால் 5 × 7 × 13 × 463.) 1001 = 7 × 11 × 13 என்பதால், இந்த மூன்று எண்களைப் பொறுத்தவரை 1000-ஐ −1 ஆகவே வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் சூட்சுமம்.

சரி, உங்கள் எண்ணுக்கு வருவோம். மும்மூன்றாகப் பிரித்து, வலமிருந்து மாறி மாறிக் கழித்துக் கூட்டினால் 297 − 967 + 294 − 4 = −380. 7, 11, 13 எதுவும் ஒத்துவரவில்லை. இனி ஒவ்வொன்றாக முயன்றால், வர்க்கமூலம் 65536-ஐ ஒட்டி வருகிறது. அதற்குள் 6542 பகா எண்கள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

அதனால் எண்ணின் பிறப்பைப் பார்க்க வேண்டும். இது 2³² + 1. 2-இன் அடுக்கு 1, 2, 4, 8, 16 என இரட்டித்துக்கொண்டே போக, அதோடு 1 கூட்டிவரும் இந்த வகை எண்கள் (3, 5, 17, 257, 65537...) எல்லாமே பகா எண்கள் என்று கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். அடுத்ததிலேயே, அதாவது உங்கள் எண்ணிலேயே, அந்த நம்பிக்கை உடைந்தது. 2³² + 1-இன் எந்தப் பகாக் காரணியையும் 128-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே ஆக வேண்டும். 1878-இல் லூக்கா என்ற கணிதவியலாளர் இதை நிறுவினார். அப்படிப்பட்ட எண்கள் 129, 257, 385, 513, 641... இவற்றில் பகா எண்கள் 257-உம் 641-உம் மட்டுமே. 257-ஆல் வகுத்தால் மீதி 2. இரண்டாவது முயற்சியிலேயே 641!

அதையும் வகுக்காமலே சரிபார்க்கலாம். எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். 641 = 5 × 2⁷ + 1. ஆகவே 641-ஆல் வகுக்கும் கணக்கில், மீதியை மட்டும் பார்த்தால், 5 × 2⁷ என்பது −1. இதையே நான்கு முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கினால் 5⁴ × 2²⁸ என்பது 1. ஆனால் 641 = 625 + 16 என்பதும் உண்மை; அதாவது 5⁴ என்பது −2⁴. அதை அங்கே போட்டால் −2³² என்பது 1. அப்புறம் 2³² + 1-க்கு மீதி ஏது?