மார்க் 4 அம்பாசடரா, மாருதி 800-ஆ? கேள்வி பதில்

கே: அண்ணா, 1984 மார்க் 4 பெட்ரோல் அம்பாசடர் ஒன்று, 2005 மாருதி 800 ஒன்று. இரண்டும் ஏறக்குறைய ஒரே விலைக்கு வருகின்றன. தினமும் ஆபீஸ் போக எதை வாங்கலாம்?

ப: தினமும் என்றால் 800. அது எம்.பி.எஃப்.ஐ வண்டி, அதாவது பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து இன்ஜினுக்குள் பீய்ச்சும். காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பிவிடும். மார்க் 4-இல் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் பழைய பாணி கார்புரேட்டர், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். கியர் ஸ்டியரிங்கை ஒட்டி இருக்கும். சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் ஊரில் அது உடற்பயிற்சிதான். கோடையில் பெட்ரோல் பம்ப் சூடேறி வண்டி நின்றால், ஈரத்துணியைச் சுற்றிவிட்டுக் காத்திருப்பார்கள் பழைய டிரைவர்கள். உங்கள் மேனேஜர் காத்திருப்பாரா?

கே: துரு எதில் அதிகம்?

ப: இரண்டிலும் உண்டு, ஆனால் விளைவு வேறு. அம்பாசடர் தகடு கனமானது. அரித்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யலாம், டிங்கர் கிடைப்பதுதான் பாடு. 800-இன் தகடு மெலிசு. மிதியடியைத் தூக்கித் தரையைப் பாருங்கள், பானெட்டைத் திறந்து முன் சஸ்பென்ஷன் மேலே பிடிக்கும் இடத்தையும் பாருங்கள். அங்கே துரு பிடித்திருந்தால் விலையே பேச வேண்டாம், வந்துவிடுங்கள். புதுப் பெயிண்ட் பளபளத்தால் எனக்குச் சந்தேகம்தான் கூடும்.

கே: 800 வாங்கியதும் முதல் செலவு?

ப: டைமிங் பெல்ட், அதாவது இன்ஜின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் ரப்பர் பட்டை. மீட்டர் காட்டும் கிலோமீட்டரை நம்பாமல் மாற்றிவிடுங்கள். அம்பாசடரில் அந்தப் பட்டைக்குப் பதில் செயின், அந்தக் கவலை இல்லை. பதிலுக்குக் கிரீஸ் அடிக்கும் வேலை ஓயாது, விட்டால் ஸ்டியரிங் கல்லாகிவிடும்.

கே: அண்ணா, 15 வருடம் தாண்டிய வண்டியை ஓட்டலாமா?

ப: தமிழ்நாட்டில் ஓட்டலாம். எஃப்.சி (தகுதிச் சான்று) காட்டி, பசுமை வரி கட்டி, 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி-யைப் புதுப்பிக்க வேண்டும். அம்பாசடர் என்றால் இன்னொன்றும் பாருங்கள். பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் ஏற்றிய வண்டிகள் ஏராளம். ஆர்.சி-யில் பெட்ரோல் என்று இருக்கும், வண்டி டீசல் குடிக்கும்! இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் நேரில் ஒப்பிடாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கே: அம்பாசடரை வின்டேஜ் என்று பதிவு செய்துவிட்டால்?

ப: அதற்கு 50 வயது ஆக வேண்டும். உங்கள் வண்டிக்கு 2034-இல்தான். இன்ஜின் மாற்றியிருந்தால் அப்போதும் சிக்கல். பதிவு கிடைத்தாலும் அன்றாடம் ஓட்ட அனுமதி இல்லை.

கே: 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் போடலாமா?

ப: இரண்டுமே அதற்காகச் செய்த வண்டிகள் அல்ல. பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றுங்கள். மாதக்கணக்கில் பெட்ரோலோடு நிறுத்தி வைக்காதீர்கள்.

கே: அப்பாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. அவருக்கு?

ப: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அம்பாசடர் சீட் உயரம், குனியாமல் உட்காரலாம், காலையும் நீட்டலாம். 800-இல் இறங்கும்போது கை கொடுத்துத் தூக்க வேண்டியிருக்கும். வாங்கும் முன் அவரையும் கூட்டிப்போய் இரண்டிலும் உட்காரவைத்துப் பாருங்கள்.