காற்றுக் குறைந்து ஓடிய டயரை நம்பி யாழ்ப்பாணம் போகலாமா?

வெள்ளவத்தையில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பம்பலப்பிட்டியில் இருந்து வத்தளை வரை ஓடிய பிறகுதான் பின் டயர் சப்பிக் கிடந்ததைக் கண்டேன். அளந்தால் 12 பிஎஸ்ஐ. பஞ்சர் கடையில் ஆணியைப் பிடுங்கி, அடைத்து, காற்றடித்து, 'ஒன்றும் இல்லை மிஸ், ஓடலாம்' என்றார்கள். அடுத்த வாரம் பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் போகவேண்டும். நம்பலாமா?"

ரிம்மில் இருந்து கழற்றி உள்ளே பார்க்காமல் அந்த டயரில் போகாதீர்கள். ஆணி போட்ட ஓட்டை சின்ன விஷயம். என் கவலை எல்லாம் டயரின் பக்கச்சுவரைப் பற்றித்தான். காற்று இல்லாதபோது சக்கரம் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தச் சுவர் மடிந்து நிமிரும். மடிய மடியச் சூடேறி, ரப்பருக்குள் இருக்கும் நூல் அடுக்கு பலமிழந்து அறும். காற்றடித்ததும் டயர் ஒன்றும் நடக்காதது போல நிமிர்ந்து நிற்கும். வெடிப்பது பிறகு, வவுனியா தாண்டி வெயிலில் வேகமாகப் போகும்போது.

கழற்றியதும் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். அழிரப்பர் தேய்த்த தூள் போலக் கறுப்புத் துகள் கையில் ஒட்டுகிறதா? போன் டோர்ச்சை அடித்தால் சுவரின் உட்புறத்தில் வட்டமாக ஒரு தேய்ந்த வளையம், சுருக்கம், வெள்ளை நூல் தெரிகிறதா? ஒன்று இருந்தாலும் அந்த டயர் முடிந்தது. வெளியே புடைப்பு இருந்தால் கழற்றிப் பார்க்கவே தேவையில்லை, மாற்றவேண்டியதுதான்.

கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: "கழற்றித்தான் அடைத்தீர்களா?" வெளியில் இருந்தே ரப்பர் திரியைக் குத்தி அடைத்திருந்தால் உள்ளே ஒருவரும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். "ஒரு ட்யூப் போட்டால் சரி" என்பார்கள், அதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள். ட்யூப் காற்றைப் பிடித்து வைக்கும், அறுந்த நூலை ஒட்டாது. அப்புறம், "ஜப்பான் டயர், புதிது போல" என்று பழையதைப் பளபளப்பாக்கி நீட்டுபவர்கள். சுவரில் DOT (டொட்) என்ற ஆங்கில எழுத்துகளோடு வரும் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள்: 3115 என்றால் 2015 ஆம் ஆண்டின் 31 ஆவது வாரம். பொலிஷ் போட்டு அந்த வயதைக் குறைக்க முடியாது.

ரன்-ஃபிளாட் டயர் மட்டும் விலக்கு. சில ஐரோப்பியக் கார்களோடு வரும் அதன் சுவர் தடிப்பு. காற்றே இல்லாமல் 80 கிலோமீற்றர் வேகத்துக்குள் சுமார் 80 கிலோமீற்றர் ஓடலாம். ஆனால் கைமாறி வந்த கார் என்றால், முன்னைய சொந்தக்காரர் ஒன்றிரண்டைச் சாதாரண டயராக மாற்றியிருக்கலாம். காரின் பெயரை வைத்து முடிவெடுக்காமல் நாலு டயரின் சுவரிலும் தனித்தனியாக வாசியுங்கள். ரன்-ஃபிளாட்டே ஆனாலும் ஒருமுறை காற்றில்லாமல் ஓடினால் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும்.

வருடா வருடம் வருமான அனுமதிப்பத்திரத்துக்காக புகைப் பரிசோதனைக்கு வரிசையில் நிற்கிறோம். குழாய்க்குள் கருவியை விட்டு அளக்கிறார்கள். உயிரைத் தாங்கும் நாலு டயரையும் குனிந்து பார்க்க அங்கே ஒருவரும் இல்லை. தனியார் கார்களுக்கு டயர் பரிசோதனையைக் கட்டாயமாக்க இன்னும் எத்தனை வருடம் வேண்டும்?

நாளைக்கே கழற்றிப் பாருங்கள். மாற்றவேண்டி வந்தால் டிக்கியில் இருக்கும் மெல்லிய ஸ்பெயார் சக்கரத்தோடு யாழ்ப்பாணம் கிளம்பவேண்டாம், அது டயர் கடை வரை போவதற்கு மட்டும்தான். புறப்படும் அன்று காலை, கார் ஓடுவதற்கு முன் காற்றை அளந்து பாருங்கள். சாரதிக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் காற்றழுத்தத் தாளில் 230 என்று இருந்தால் அது கிலோபாஸ்கல், 33 பிஎஸ்ஐ.