மின்னல் வெட்டினால் ரிசீவர் ஏன் வாயடைத்துப்போகிறது?

கேள்வி: சாயங்காலம் ஹாம் ரேடியோவின் 40 மீட்டர் பட்டையில் நெட் (பலர் கூடிப் பேசும் நிகழ்ச்சி) கேட்கும்போது 'படார்' என்று ஒரு மின்னல் சத்தம். அதன்பின் ஓரிரு விநாடிக்கு யார் பேச்சும் கேட்பதில்லை. ரிசீவர் பழுதா?

பழுது இல்லை. சிக்னலுக்கேற்ப பெருக்கத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஏஜிசி சுற்றுக்கு இடி எது, பேச்சு எது என்று தெரியாது. பலமாக எது வந்தாலும் சில மில்லிவிநாடியில் கெயினை (பெருக்கத்தை) இறக்கிவிடும். திரும்ப ஏற்றத்தான் நேரம் எடுக்கும். ஏஜிசி 'ஸ்லோ'வில் இருந்தால் விநாடிக்கணக்கில்கூட ஆகும். வார்த்தைகளுக்கு நடுவே இரைச்சல் பொங்காமலிருக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். இடி நேரத்தில் 'ஃபாஸ்ட்'டுக்கு மாற்றுங்கள். அப்புறம் ஆர்எஃப் கெயினை (ரேடியோ சிக்னலின் பெருக்கத்தை மாற்றும் குமிழ்) குறைத்து, வால்யூமைக் கூட்டுங்கள். கெயின் ஏற வேண்டிய தூரம் குறைவதால் பேச்சு சீக்கிரம் திரும்பிவிடும். மேகம் பக்கத்தில் இருந்தால் இதெல்லாம் வேண்டாம், கேட்பதை நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: ஆர்எஃப் கெயினைக் குறைத்தால், சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டர் ஏறுகிறதே, தலைகீழாக இருக்கிறதே?

பல ரிசீவர்களில் அந்தக் குமிழும் ஏஜிசியும் ஒரே கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தைத்தான் அசைக்கின்றன. மீட்டர் காட்டுவதும் அதையே. முள் ஏறி நிற்கும் இடத்தைவிடப் பலவீனமான சிக்னலுக்கு அது அசையாது. முள் லேசாக ஆடத் தொடங்கும் இடத்தில் குமிழை வைத்துக் கேளுங்கள், காதுக்கு எவ்வளவு சுகம் என்று தெரியும். கேட்கும் திறன் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். ஆண்டெனாவைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் சட்டென்று அடங்கினால் அது வெளியிலிருந்து வருவது. ரிசீவரில் தேவைக்கு மேல் உணர்திறன் இருக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: நாய்ஸ் பிளாங்கர், நாய்ஸ் ரிடக்ஷன் இரண்டும் ஒன்றா?

இல்லை. பிளாங்கர் 'டிக் டிக்' என்ற கூர்மையான துடிப்புகளுக்கு. துடிப்பு வரும் அந்தக் கணம் மட்டும் கதவைச் சாத்தும். வேண்டிய அலைவரிசையை மட்டும் விடும் குறுகிய ஃபில்டரைத் தாண்டினால் துடிப்பு நீண்டுவிடும் என்பதால் அதற்கு முன்னாலேயே வேலை செய்ய வேண்டும். பக்கத்து அலைவரிசையில் பலமான நிலையம் இருந்தால் அதையும் துடிப்பென்று எண்ணி, கேட்பதைக் கரகரப்பாக்கும், அப்போது அணைத்துவிடுங்கள். ரிடக்ஷன் 'உஸ்ஸ்' என்ற தொடர் இரைச்சலுக்கு. அதிகம் வைத்தால் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் இருக்கும்.

கேள்வி: இரவு முழுக்க எஸ் மீட்டரில் எஸ்7 அளவுக்கு இரைச்சல். எந்தப் பட்டனும் உதவவில்லை.

பட்டனை விடுங்கள், வீட்டைத் தேடுங்கள். எனக்கும் இதே தொல்லை இருந்தது. ரேடியோவை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டிக்கொண்டு மெயின் சுவிட்சை இறக்கினேன். முள் எஸ்7இலிருந்து எஸ்3க்கு விழுந்தது. ஒரு எஸ் அளவு 6 டெசிபல் என்று வைத்தால் 24 டெசிபல்! பிறகு ஒவ்வொரு ஃப்யூஸாகப் போட்டேன். கடைசியில் மாட்டியது, ஹாலில் யாரும் பயன்படுத்தாமல் செருகியே கிடந்த ஒரு சார்ஜர். மெயினை இறக்கியும் இரைச்சல் குறையாமல், விநாடிக்கு 100 முறை அடிக்கும் கரகரப்பாக இருந்தால், மின்கம்பிப் பக்கம் எங்கோ தீப்பொறி இருக்கலாம்; நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒவ்வொரு அரைச்சுற்றிலும் அது வெடிக்கும். மீடியம் வேவ் பாக்கெட் ரேடியோவைத் திருப்பித் திருப்பி நடந்தால் திசை பிடிபடும். கம்பத்தைத் தொடாதீர்கள், மின்வாரியத்திடம் சொல்லுங்கள்.

கேள்வி: பிட்எக்ஸ் 40 என்ற சிறிய ஹாம் ரேடியோவில் உள்ளூர் நிலையம் வந்தால் காது வலிக்கிறது.

அதில் ஏஜிசி கிடையாது. ஹெட்ஃபோனுக்குக் குறுக்கே இரண்டு சிலிக்கான் டையோடுகளை எதிரெதிராகப் போடுங்கள், 0.7 வோல்ட்டுக்கு மேல் போகாது. உரத்த குரல் கொஞ்சம் சிதையும், காது தப்பும்.