வாசகர் கேள்வி – பதில்: ஐபிஏவில் ஒரு சம்பளம், கையில் ஒரு சம்பளமா?

கேள்வி: என் தம்பிக்குச் சிங்கப்பூர் எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதி) வந்திருக்கிறது. ஐபிஏவில் (வேலைக்கான முன் அனுமதிக் கடிதம்) மாதச் சம்பளம் 3,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று இருக்கிறது. ஏஜென்டோ, “கையில் 1,800தான் நிற்கும். மீதியைக் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள்” என்கிறார். நான்கு லட்சம் ரூபாயும் கேட்கிறார். அனுப்பலாமா?
– ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: அனுப்பாதீர்கள், அம்மா. சிங்கப்பூரில் கட்டுமான நிறுவன அலுவலகத்தில் பெர்மிட் வேலைகளைக் கவனித்தவன் என்ற முறையில் உறுதியாகவே சொல்கிறேன்.

அந்த 3,300 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 2025 செப்டம்பர் 1 முதல் புதிதாக எஸ் பாஸ் கேட்பவருக்கு மாதச் சம்பளம் குறைந்தது 3,300 வெள்ளி இருக்க வேண்டும். வயது கூடக் கூட இந்த வரம்பும் கூடும். 1,800 வெள்ளிக்கு ஆள் தேடும் முதலாளி, பாஸ் கிடைக்க வேண்டும் என்பதற்காக மனிதவள அமைச்சிடம் 3,300 என்று எழுதிக் கொடுக்கிறார். பொய்ச் சம்பளம் காட்டினால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வேலை தந்ததற்காகத் தொழிலாளியிடமே பணம் வாங்கினால் அபராதம் 30,000 வெள்ளி வரை போகும்.

இது நடக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். சம்பளம் முழுவதும் வங்கிக் கணக்கில் விழும். பதிவேட்டில் ஒரு குறையும் இருக்காது. அன்று மாலையே சூப்பர்வைசர் பையன்களை ஏடிஎம்முக்கு அழைத்துப் போவார். நோட்டுகளை எண்ணி வாங்கிக்கொள்வார்; ரசீது கிடையாது. ஊரில் வட்டிக்கு வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கும்போது எந்தப் பையன் வாய் திறப்பான்? என்னிடம் வந்து அழுதவர்கள் உண்டு. அவர்களிடம் காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இருந்ததில்லை. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

“லெவிக்காகப் பிடிக்கிறோம்” என்று சிலர் நியாயம் சொல்வார்கள். லெவி என்பது வெளிநாட்டு ஆளை வைத்திருப்பதற்காக அரசுக்குக் கட்டும் வரி. எஸ் பாஸ் ஆளுக்கு மாதம் 650 வெள்ளி லெவி உண்டு என்பது உண்மைதான். ஆனால் அதைக் கட்ட வேண்டியவர் முதலாளி. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து ஒரு வெள்ளிகூட அதற்காக எடுக்கக் கூடாது.

அடுத்து அந்த நான்கு லட்சம். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. சிங்கப்பூரில் உரிமம் பெற்ற ஏஜென்ட், வேலைக் காலத்தில் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் வரை வாங்கலாம். முதலில் ஏஜென்டின் பதிவு எண்ணைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு இன்னொரு வேலை அமைந்தால், ஐபிஏ கைக்கு வரும்வரை பணம் கொடுக்க வேண்டாம். வந்ததும் அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் என்ற மூன்றையும் தனித்தனியாகப் படியுங்கள். மொத்தத் தொகை பெரிதாக இருந்து அடிப்படைச் சம்பளம் சிறிதாக இருந்தால் கவனம் தேவை. வொர்க் பெர்மிட்டில் (கட்டுமானம் போன்ற வேலைகளில் சாதாரணத் தொழிலாளிகளுக்கான அனுமதி) போகிறவர்களுக்கு ஓவர்டைம் கணக்கு அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான். அவர்களுக்குப் புறப்படும் முன்பே ஐபிஏவைத் தாய்மொழியில் அனுப்புவது முதலாளியின் கடமை. தமிழ்ப் பிரதியை உரிமையோடு கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எனக்கு 52 வயது. முன்பு சிங்கப்பூர் கட்டுமானத்தில் இருந்தேன். இனிமேல் பெர்மிட் கிடைக்காது என்கிறார்களே?
– ஒரு வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: அது பழைய கதை, அண்ணே. 2025 ஜூலை 1 முதல் வொர்க் பெர்மிட்டில் இத்தனை ஆண்டுதான் இருக்கலாம் என்ற உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். 63 வயது வரை வேலை செய்யலாம். புதிதாக விண்ணப்பிப்பவர் 61 வயதுக்குள் இருந்தால் போதும். உங்கள் விஷயத்தில் நான் கவலைப்படுவது மருத்துவப் பரிசோதனையைப் பற்றித்தான். அங்கே இறங்கியதும் நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள், காசநோய் உண்டா என்று பார்ப்பார்கள். தேறாவிட்டால் பெர்மிட் அட்டை கிடைக்காது, திரும்பி வர வேண்டியதுதான். பணம் புரட்டுவதற்கு முன்பே இங்கே ஒரு எக்ஸ்ரே எடுத்து டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: கட்டுமான வேலையில் இருக்கிறேன். பெர்மிட் முடிய இரண்டு மாதம் இருக்கிறது. வேறு கம்பெனி கூப்பிடுகிறது. முதலாளி விட மறுக்கிறார், பாஸ்போர்ட்டும் அவரிடம்தான்.
– ஒரு வாசகர், சிங்கப்பூர்

பதில்: தம்பி, காலண்டரில் இரண்டு தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பெர்மிட் முடிவதற்கு 40 நாள் இருக்கும்போது ஒன்று, 21 நாள் இருக்கும்போது ஒன்று. இந்த இடைவெளியில் புதிய கம்பெனி உங்களுக்காக விண்ணப்பித்தால் இப்போதைய முதலாளியின் சம்மதம் தேவையில்லை. அதற்கு முன்னால் என்றால் அவர் சம்மதம் வேண்டும். எனவே அவசரப்பட்டுச் சண்டை போடாதீர்கள். புதிய கம்பெனியிடம் தேதிகளைச் சொல்லித் தயாராக இருக்கச் சொல்லுங்கள். அதுவரை புதுப்பிப்பு என்று எந்தத் தாள் நீட்டினாலும் படித்துப் புரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பாஸ்போர்ட்டை உங்கள் விருப்பத்துக்கு மாறாக முதலாளி வைத்திருப்பது அங்கே குற்றம். எழுத்தில், வாட்ஸ்அப் செய்தியாகவாவது, திருப்பிக் கேளுங்கள்; பதிலைப் படமெடுத்து வையுங்கள். அப்படியும் தராவிட்டால் மனிதவள அமைச்சில் புகார் கொடுங்கள்.