நடந்து முடித்த முதல் பந்தயம்

கேள்வி: எனக்கு 44 வயது. ஒரு வருடமாக வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் விடியற்காலையில் ஓடுகிறேன். எட்டு கிலோமீட்டர் வரை நிற்காமல் ஓட முடிகிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஒன்பது நிமிடம் ஆகும். இந்த ஜனவரியில் நேப்பியர் பாலத்திலிருந்து தரமணி வரை 10 கி.மீ. ஓட்டத்தில் முதல்முறையாகக் கலந்துகொண்டேன். கடற்கரைச் சாலையில் பறந்தேன். அடையாறு தாண்டியதும் கால்கள் கனத்துக் குமட்டல் வந்துவிட்டது. மீதியைப் பெரும்பாலும் நடந்துதான் முடித்தேன். 1 மணி 37 நிமிடம். “நடந்து போனவர்களுக்கும் பதக்கமா அண்ணி?” என்று கொழுந்தனார் கேலி செய்கிறார். முழங்கால் தேய்ந்துவிடும் என்று மாமியார் பயப்படுகிறார். மறுபடி ஓடலாமா?
– வாசகி, சென்னை

பதில்: தாராளமாக ஓடுங்கள், சகோதரி. உங்கள் வயதோ கால்களோ உங்களைக் கைவிடவில்லை. கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கும் ஒரு சொல்லில் காரணம் இருக்கிறது: ‘பறந்தேன்’.

இருட்டு விலகாத நேரம், கடல் காற்று, முன்னும் பின்னும் ஆயிரக்கணக்கானவர்கள். அந்த வேளையில் எந்த வேகமும் சுலபமாகவே தோன்றும். ஒன்பது நிமிடத்துக்குப் பழகிய உடல் ஏழு நிமிட வேகத்தில் போவது அப்போது தெரியாது. சென்னையின் ஜனவரி விடியல் குளிர்ச்சியாக இருந்தாலும் காற்றில் ஈரம் மிக அதிகம். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். இங்கே அது ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கிறது. வெப்பத்தை வெளியேற்ற உடல் தோலுக்கு அதிக ரத்தத்தை அனுப்புகிறது. காலின் தசைகளும் அதே ரத்தத்தைக் கேட்கின்றன. இந்தப் போட்டியில் முதலில் வஞ்சிக்கப்படுவது வயிறு. உங்கள் குமட்டலுக்கு இதுவே காரணமாக இருந்திருக்கும். ஆறரை மணிவாக்கில் சூரியனும் வந்துவிட்டால், மர நிழலில் ஓடிப் பழகியவருக்குத் தார்ச்சாலை வேறு உலகம்.

அடுத்த முறை கூட்டத்தின் கடைசியில் போய் நில்லுங்கள். நேரம் வீணாகும் என்ற கவலை வேண்டாம். எண் அட்டையில் இருக்கும் சிப், தொடக்கக் கோட்டின் விரிப்பை நீங்கள் தாண்டும் கணத்திலிருந்துதான் உங்கள் நேரத்தைக் கணக்கிடும். (அந்த 1 மணி 37 நிமிடம் சிப் நேரமா, பந்தயம் தொடங்கத் துப்பாக்கி வெடித்த கணத்திலிருந்து எல்லோருக்கும் பொதுவாக எண்ணும் துப்பாக்கி நேரமா என்று முடிவுப் பட்டியலில் பாருங்கள். இரண்டுக்கும் பல நிமிட வித்தியாசம் இருக்கக்கூடும்.) முதல் மூன்று கிலோமீட்டரைப் பூங்காவில் ஓடுவதைவிட மெதுவாக, ஒன்பதரை நிமிடத்துக்கு ஒன்றாகப் போங்கள். பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா? முடியவில்லை என்றால் வேகம் அதிகம். எல்லோரும் உங்களைத் தாண்டிப் போவார்கள். போகட்டும். தண்ணீரை, தாகத்துக்கு ஏற்ப இரண்டு மூன்று மிடறு குடித்தால் போதும். மேசைக்கு மேசை டம்ளரைக் காலி செய்தால் வயிறு இன்னும் குலுங்கும்.

இனி, நடந்ததைப் பற்றி. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்க வீரர் ஜெஃப் காலவே, பின்னாளில் ஓடுவதும் நடப்பதும் கலந்த பயிற்சி முறையைப் பரப்பினார். அதைப் பின்பற்றி மராத்தானையே முடித்தவர்கள் ஏராளம். களைத்த பிறகு நடக்காதீர்கள், களைப்பதற்கு முன்பே நடங்கள் என்பதுதான் அதன் சாரம். நான்கு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை என்று முதல் கிலோமீட்டரிலிருந்தே பழகிப் பாருங்கள். உங்களைப் போல முதல் பந்தயத்துக்கு வருகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

மாமியாரின் பயம் அக்கறையில் வருவது. அவருக்கு இதைச் சொல்லுங்கள். 2017-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம் பேருக்கே இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாதவர்களில் அது 10.2 சதவீதம். போட்டிக்காகக் கடுமையாக ஓடுபவர்களில் 13 சதவீதத்தையும் தாண்டியது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நீங்கள் முதல் கூட்டத்தைச் சேர்ந்தவர். ஆனால் ஒரே இடத்தில் வலி தங்கினாலோ, முட்டி வீங்கினாலோ ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொன்றை நான் வற்புறுத்தியே சொல்வேன். அடுத்த பந்தயத்துக்கு முன் ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈ.சி.ஜி. மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஓடும்போது நெஞ்சில் அழுத்தமோ தலைசுற்றலோ வந்தால் பதக்கத்தை மறந்துவிட்டு அங்கேயே நின்று மருத்துவ உதவி கேளுங்கள்.

கொழுந்தனாரிடம் வாதம் செய்ய வேண்டாம். அடுத்த முறை முடிவுக் கோட்டருகே, ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு வருகிறவர்களைப் பார்க்க நிற்கச் சொல்லுங்கள். வெயிலில் அவ்வளவு நேரம் காலை ஊன்றி வருகிறவர்கள் மீது எனக்கு இருக்கும் மரியாதை, முதலில் வந்தவர்கள் மீது இருப்பதற்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

மார்ச்சில் வெயில் ஏறிவிடும். அதன்பின் சூரியன் வருமுன் ஓட்டத்தை முடித்துவிடுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் பூங்காவை விட்டுத் தார்ச்சாலையில் ஓடுங்கள். அடுத்த ஜனவரிக்கும் 10 கி.மீ. பிரிவிலேயே பெயர் கொடுங்கள். அரை மராத்தானை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.