உடனே தையல் போடாதது அலட்சியமா?

கேள்வி: கடலூர் முதுநகரில் வசிக்கிறோம். மீன்பிடித் துறைமுகத்தில் வேலை செய்யும் என் கணவர் முகத்துவாரத் தண்ணீரில் தவறி விழுந்தபோது, துருப்பிடித்த இரும்புத் தகடு கெண்டைக்காலை ஆழமாகக் கிழித்துவிட்டது. மருத்துவமனையில் காயத்தை வெகுநேரம் கழுவி, ஓரச் சதையை வெட்டியெடுத்து, தையல் போடாமல் கட்டு மட்டும் போட்டு, நான்காம் நாள் வரச் சொன்னார்கள். ராணுவத்தில் இருந்த என் மாமனார், போர்க்காயத்தையும் இப்படித்தான் திறந்து வைப்பார்கள் என்கிறார். உறவினர்களோ அலட்சியம் என்கிறார்கள். நேற்று மாமியாரின் முன்கையில் கொதிக்கும் எண்ணெய் கொட்டியது, பற்பசை தடவியிருக்கிறோம். இரண்டு புண்ணும் சீழ் பிடிக்காமலிருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் மாமனார் சொல்வதே சரி. முதல் உலகப் போரில், எரு கலந்த வயல் மண்ணில் விழுந்த வீரர்களின் காயங்களை அவசரமாகத் தைத்து மூடியபோது, காற்று புகாத ஆழத்தில் வளரும் கிருமிகள் உள்ளே பெருகி, சதை அழுகிப் பலர் இறந்தனர். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டிருக்கும் நம் பகுதி வீரர்கள் போரிட்டதும் அந்தப் போரில்தான். அப்போது பிரான்சின் பூலோன் நகரில் பணியாற்றிய, பின்னாளில் பெனிசிலினைக் கண்டறிந்த மருத்துவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங், முட்கள் நீட்டிக்கொண்டிருப்பது போன்ற கண்ணாடிக் குழாயைச் செய்து, அதில் கிருமிகளைப் புகுத்தி, கிருமிநாசினி ஊற்றிப் பார்த்தார். மருந்து எட்டாத இடுக்குகளில் கிருமிகள் பிழைத்திருந்து மீண்டும் வளர்ந்தன. கிழிந்த சதையின் மடிப்புகளும் அத்தகைய இடுக்குகளே. ஆகவே உயிரற்ற சதையை வெட்டி நீக்குவதும், நிறைய நீரால் கழுவுவதும், சில நாள் திறந்து வைத்துப் பார்த்து, சுத்தமாக இருந்தால் தைப்பதும் போர்க்கள மருத்துவத்தின் அடிப்படை விதியாயின. உங்கள் கணவருக்கு நடந்திருப்பது அதுவே. நான்காம் நாள் போவதை மட்டும் தவறவிடாதீர்கள்.

மருத்துவர் தந்த ஆன்டிபயாடிக் மாத்திரையைச் சொன்ன நாள்வரை கொடுங்கள். ஆனால் இரத்த ஓட்டம் நின்றுபோன சதைக்குள் மாத்திரையும் சென்று சேராது என்பதால், சுத்தம் செய்ததற்கு அது துணையாகுமே தவிர மாற்றாகாது. டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவற்றைக் காயத்துக்குள் ஊற்ற வேண்டாம். அவை புண்ணை ஆற்றும் உயிரணுக்களையும் கொல்லும். மஞ்சளும் காப்பித்தூளும் ஆழ்ந்த காயத்தில் அழுக்கைத்தான் சேர்க்கும். டெட்டனஸ் தடுப்பூசி போட்டு 5 ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தால் இத்தகைய காயத்துக்கு மீண்டும் போட வேண்டும். இதற்கு முன் முறையாக மூன்று தவணை போட்டிராதவருக்கு இம்யூனோகுளோபுலின் (உடனே பாதுகாப்புத் தரும் ஆயத்த எதிர்ப்புப் பொருள்) ஊசியும் தேவை. துருவைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள்; உண்மையில் டெட்டனஸ் மண்ணிலும் சாணத்திலும் உள்ள கிருமியால் வருகிறது.

எனக்குள்ள பெரிய கவலை அந்தத் தண்ணீரைப் பற்றியது. உப்பும் நன்னீரும் கலக்கும் வெதுவெதுப்பான முகத்துவார நீரில் விப்ரியோ என்னும் கிருமி வாழ்கிறது. நீரிழிவு உள்ளவருக்கும், குடியாலோ மஞ்சள் காமாலையாலோ கல்லீரல் கெட்டவருக்கும் இது சில மணி நேரத்திலேயே காலின் சதையை அழுகச் செய்து உயிரையும் பறிக்கக்கூடும். இதற்குத் தரும் மருந்தும் வழக்கமானதிலிருந்து வேறுபடும். எனவே காயம் எந்தத் தண்ணீரில் பட்டது என்பதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள். காயத்தின் அளவுக்கு மீறிய வலி, மணிக்கு மணி பரவும் சிவப்பு, கருநீலக் கொப்புளம், துர்நாற்றம், காய்ச்சல், அழுத்தினால் தோலுக்கடியில் நறநறவெனும் உணர்வு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் நான்காம் நாள்வரை காத்திராமல், இரவானாலும் 108-ஐ அழையுங்கள்.

இனி மாமியாரின் கை. பற்பசை சூட்டைத் தணிக்காது. புண்ணின் ஆழத்தை மருத்துவர் காணவிடாமல் மறைக்கும். சுத்தமான நீரால் மென்மையாகக் கழுவி அகற்றுங்கள், கொப்புளங்களை உடைக்காதீர்கள், வளையல்களையும் மோதிரங்களையும் கை வீங்குமுன் கழற்றிவிடுங்கள், ஒட்டாத சுத்தமான துணியால் மூடி அழைத்துச் செல்லுங்கள். சுட்டவுடன் 20 நிமிடம் குழாய் நீரில் காட்டியிருந்தால் ஆழமே குறைந்திருக்கும். மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு, பனிக்கட்டி மட்டும் கூடாது.

தீப்புண்ணுக்கு முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுப்பதால் நன்மை இல்லை; எதிர்ப்பு பெற்ற கிருமிகளே மிஞ்சும். எல்லோரும் வாங்கும், வெள்ளி (சில்வர்) சேர்ந்த வெள்ளை நிறத் தீப்புண் களிம்பும் மேலோட்டமான புண் ஆறுவதைத் தாமதப்படுத்துவதால், மருத்துவர் பார்க்காமல் அதைப் பூசுவதை நான் ஏற்பதில்லை. வெந்த இடம் வெண்மையாகவோ உணர்வற்றோ இருந்தால், மணிக்கட்டு, முழங்கை போன்ற மூட்டில் பட்டிருந்தால், அல்லது அவருடைய உள்ளங்கையைப் போல் பத்து மடங்குக்கு மேல் பரவியிருந்தால் (விரல்களோடு சேர்ந்த ஓர் உள்ளங்கை உடற்பரப்பில் ஏறத்தாழ 1 சதவீதம்), மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ இன்றே செல்லுங்கள். கட்டு மாற்றும் ஒவ்வொரு முறையும், முதலில் உங்கள் கைகளைச் சோப்பால் கழுவுங்கள். கட்டுத்துணியில் பச்சை நிறக் கசிவு தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.