‘ஸ்கினமாரிங்க்’ படத்தில் பயப்பட அப்படி என்ன இருக்கிறது?

“100 நிமிடம் சுவரையும் தரைவிரிப்பையும் காட்டிவிட்டு இதைப் பேய்ப்படம் என்கிறார்களே, உண்மையில் யாராவது பயந்தீர்களா?” என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பயந்தேன். ஐம்பது வயதை நெருங்கும் ஆள், பாதிப் படத்தில் எழுந்துபோய்க் கூடத்து விளக்கைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

என் மகன் உங்கள் கட்சி. இருபதாவது நிமிடத்தில், “அப்பா, படம் எப்போது ஆரம்பிக்கும்?” என்று கேட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. ஆட்கள் முகம் காட்டிப் பேசும் காட்சி என்று ஏறக்குறைய எதுவுமே இல்லை. கேமரா தரையோடு தரையாகக் கிடக்கும், அல்லது கூரையின் மூலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். படம் முழுக்கப் பழைய ஒளிநாடாபோல் புள்ளி புள்ளியாக இரைச்சல். பிள்ளைகள் கிசுகிசுப்பது சில இடங்களில் காதில் விழாது என்று எழுத்தாகவே போட்டுவிடுகிறார்கள்.

பார்க்காதவர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன். நடப்பது 1995-இல். நான்கு வயது கெவின், ஆறு வயது கேலி. இரவில் விழித்துப் பார்த்தால் அப்பாவைக் காணோம். பிறகு சன்னல்களையும் காணோம், கதவுகளையும் காணோம். இரண்டு பேரும் தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்து, தொலைக்காட்சியில் பழைய கேலிச்சித்திரங்களை ஓடவிட்டு அதன் வெளிச்சத்தில் படுத்துக்கொள்கிறார்கள். மாடியிலிருந்து ஒரு குரல் கூப்பிடுகிறது. கதை என்று இருப்பது கிட்டத்தட்ட இவ்வளவுதான்.

இயக்குநர் கைல் எட்வர்ட் பால் கனடாக்காரர். மக்கள் எழுதியனுப்பிய கெட்ட கனவுகளைச் சிறு சிறு படங்களாக எடுத்து யூடியூபில் போட்டுக்கொண்டிருந்தவர். அப்படி வந்தவற்றில் ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்ததாம்: நான் சிறு பிள்ளை, எங்கள் வீடு, அப்பா அம்மா இல்லை, வேறு ஏதோ இருக்கிறது. அதையே 2022-இல் முழுநீளப் படமாக எடுத்தார். எட்மண்டன் நகரில் தான் வளர்ந்த வீட்டிலேயே, சுமார் 15,000 டாலர் செலவில். நம் ஊரில் அந்தப் பணத்துக்குக் கல்யாண மண்டபமும் சாப்பாடும் முடிந்தால் பெரிய காரியம்.

இனி என் கதை. நான் வளர்ந்தது மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். பன்னிரண்டு கதவு கொண்ட பலகை லயம், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள். ஒரு கதவு என்றால் ஒரு வீடு. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள தடுப்பு கூரைவரை போகாது. மேலே ஒரு முழத்துக்குத் திறந்தே கிடக்கும். முதல் வீட்டில் இருமினால் நான்காவது வீட்டில் கேட்கும். யார் வீட்டில் என்ன குழம்பு, எந்தப் பிள்ளைக்கு அடி விழுகிறது, யார் குடித்துவிட்டு வந்திருக்கிறார், எல்லாமே அந்த இடைவெளி வழியாக வந்து சேரும். பெரியவர்களுக்கு அது எரிச்சல். எங்களுக்கு அதுதான் தாலாட்டு.

1986-இல் எனக்கு எட்டு வயது, தங்கைக்கு ஐந்து. அப்போதே லயம் காலியாக ஆரம்பித்திருந்தது. ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்டார்கள். செம்பனைக்கு அத்தனை கை தேவையில்லை. ஒவ்வொரு குடும்பமாக ஈப்போ, பிறை போன்ற நகரங்களுக்குத் தொழிற்சாலை வேலை தேடிப் போனது. கடைசியில் பன்னிரண்டு கதவில் மூன்றில்தான் ஆள். அந்த மூன்றும் அடுத்தடுத்தும் இல்லை. பிள்ளைகள் குறைந்துவிட்டதால், பெற்றோர் வேலைக்குப் போகையில் எங்களைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகையையும் மூடிவிட்டார்கள்.

பால் மரம், அதாவது ரப்பர் மரம், சீவுகிறவர்களுக்கு விடியல் என்பதெல்லாம் கிடையாது. வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் ஒழுகுவது நின்றுபோகும். ஆகவே இருட்டிலேயே பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), இருட்டிலேயே தீம்பார் (மரம் சீவும் வேலைக்காடு). போதாக்குறைக்கு 1982-இல் தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்துவிட்டது. எங்கள் பக்கம் ஏழு மணிக்கு மேல்தான் வெளிச்சம் வரும். பள்ளி விடுமுறை நாட்களில் அம்மா வெளியே கொக்கியைப் போட்டுவிட்டு, “தங்கச்சி எழுந்தால் பார்த்துக்கொள் ஐயா” என்று சன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போவார்.

மின்சாரம் தோட்டத்து இஞ்சினிலிருந்து. இரவு பத்து மணிக்கு நிறுத்துவார்கள். பெரட்டுக்காக நான்கு மணிக்கு மறுபடி ஓட்டி, ஆறு மணிக்கு மீண்டும் நிறுத்திவிடுவார்கள். அந்த ஆறு மணியை நான் இன்றுவரை மறக்கவில்லை. இஞ்சின் சட்டென்று நிற்காது. அதன் சத்தம் மெல்லத் தளரும்போது எங்கள் தலைக்கு மேல் தொங்கிய குண்டு விளக்கும் கூடவே தளரும். வெள்ளை மஞ்சளாகும், மஞ்சள் சிவப்பாகும். கடைசியில் கண்ணாடிக்குள் அந்தக் கம்பி மட்டும் செம்மண் புழுவைப் போல் நெளிந்து தெரியும். அதுவும் போய்விடும். அதற்குப் பிறகு கண்ணைத் திறந்தாலும் ஒன்று, மூடினாலும் ஒன்று.

பக்கத்து வீட்டு அத்தை இருந்தவரை அந்த இருட்டு ஒரு பொருட்டே இல்லை. வயதானவர், வேலைக்குப் போகாதவர். தடுப்புப் பலகையில் நான் இரண்டு தட்டு தட்டினால் அந்தப் பக்கமிருந்து இரண்டு தட்டு வரும். பேச்சு கிடையாது. அது போதும், தூங்கிவிடுவேன். அவரை மகன் பிறைக்கு அழைத்துக்கொண்டு போனபின் ஒரு நாள் காலை, பழக்கதோஷத்தில் தட்டிவிட்டேன்.

பதில் வரவில்லை. வராது என்று தெரிந்துதான் தட்டினேன். ஆனாலும் தட்டியபிறகுதான் தடுப்புக்கு மேலே இருந்த அந்த இடைவெளியைப் பார்த்தேன். அதாவது, அது இருக்கும் திசையைப் பார்த்தேன். இத்தனை நாள் அத்தையின் இருமலும் வானொலியின் பக்திப்பாட்டும் வந்த வழி. இப்போது அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாதது நான் தட்டியதைக் கேட்டுவிட்டது என்று தோன்றியது. போர்வையை இழுத்துத் தங்கையின் தலையையும் மூடினேன்.

தோட்டத்தில் பேய்க்கதைக்குப் பஞ்சமில்லை. ஆற்றோரம் மோகினி, மலாய்க்காரக் கூட்டாளிகள் சொன்ன பொந்தியானாக் என்ற பெண் பேய், எல்லாம் உண்டு. அவற்றுக்கெல்லாம் ஒரு மருந்தும் உண்டு: முனீஸ்வரர் கோயில் திருநீறு. வெறும் வீட்டுக்கு யார் திருநீறு கொடுத்தார்கள்?

‘ஸ்கினமாரிங்க்’ எனக்கு வேலை செய்தது இதனால்தான். திடுக்கிட வைக்கும் ஓரிரு இடங்களை நான் சொல்லவில்லை. உண்மையில் அவை படத்தின் மலிவான இடங்கள், இல்லாமலே இருந்திருக்கலாம். கேலி மாடிக்குப் போய்ப் பெற்றோரின் அறையில் நிற்கும் காட்சியைச் சொல்கிறேன். கட்டிலில் அப்பா உட்கார்ந்திருக்கிறார், பிறகு அம்மா. முதுகுதான் தெரிகிறது. பேசுகிறார்கள், அன்பாகக்கூடப் பேசுகிறார்கள். திரும்பிப் பார்ப்பதில்லை. பிற்பாடு “572 நாட்கள்” என்று திரையில் ஓர் எழுத்து வரும். விளக்கம் எதுவும் கிடையாது. பெரியவர்களுக்கு அது வெறும் எண். விளக்கு அணைந்ததிலிருந்து விடியும்வரை கிடந்த ஒரு மணி நேரத்தை நான் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

நம் நாட்டு ‘ரோ’ படத்தையும் சிலர் இதோடு சேர்த்துப் பேசுவார்கள். 2019-இல் எமிர் எஸ்வான் எடுத்தது. மலேசியா ஆஸ்காருக்கு அனுப்பிய படம். காட்டுக்குள் தனியாக வாழும் ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும், சேறு பூசிய உடம்போடு அவர்களிடம் வந்து சேரும் ஒரு சிறுமி. நல்ல படம், மெதுவான படமும்கூட. ஆனால் அதில் கெட்டது வெளியிலிருந்து வீட்டுக்கு வருகிறது. வந்தது யார் என்று விரல் நீட்டலாம். விரல் நீட்ட ஆள் இருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு என்னால் நிம்மதியாகத் தூங்க முடிகிறது.

உங்களுக்குப் பயம் வராததில் தவறொன்றும் இல்லை. எப்போதும் ஆள் நிறைந்த வீட்டில் வளர்ந்தவராக இருக்கலாம். இன்னொரு முறை முயல்வதானால் இரவில், தனியாக, விளக்கை அணைத்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாருங்கள். கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். நாற்பது நிமிடம்வரை ஒன்றும் ஆகவில்லையென்றால் நிறுத்திவிடலாம். மிச்சமும் அதேதான்.

படம் முடிந்த மறுநாள் தங்கையைத் தொலைபேசியில் அழைத்தேன். அத்தையும் சுவரைத் தட்டியதும் அவளுக்கு நினைவே இல்லை. அந்த விளக்குக் கம்பி மட்டும் நினைவிருக்கிறதாம். கதையைக் கேட்டுக்கொண்டே வந்தவள், “அம்மா அப்பா முகத்தைக் கடைசியிலாவது காட்டுவார்களா, அண்ணா?” என்றாள். இல்லை என்றேன். “அப்படியானால் எனக்கு அனுப்பாதே” என்று சொல்லிவிட்டுத் தன் மகளின் தேர்வைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.